எம்டன் குண்டு விழுந்த கரையிலிருந்து வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

புது தில்லியில் வெளியுறவு அமைச்சகத்தின் ஆயுதக் குறைப்பு, பன்னாட்டுப் பாதுகாப்பு விவகாரங்களைக் கவனிக்கும் பிரிவின் அதிகாரிகளுக்கு,

ராயபுரத்திலிருந்து வணக்கம்.

நான் சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை எண்ணிச் சீட்டில் எழுதுவதுதான் அந்த வேலை. கப்பல் தரப்பில் ஒருவர் எண்ணுவார், துறைமுகத் தரப்பில் ஒருவர் எண்ணுவார், ஷிப்டு முடியும்போது இரண்டு கணக்கும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு மூட்டை குறைந்தாலும் தகராறுதான். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒன்று சொல்வார்: "எழுதாத மூட்டை இறங்காத மூட்டைடா." வெளிநாட்டு விவகாரத்தில் மூக்கை நுழைக்க இவன் யார் என்று உங்களுக்குத் தோன்றினால் தப்பில்லை. ஆனால் நான் கேட்கப்போவதும் எழுதி வைப்பது பற்றித்தான், எண்ணி வைப்பது பற்றித்தான்.

விஷயம் 2025 மே 7ஆம் தேதி ஆரம்பித்தது. நாடு முழுக்கப் போர்க்கால ஒத்திகை நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சென்னை வட்டாரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தோடு எங்கள் ஹார்பரிலும் நடந்தது. அன்று ராத்திரி பழைய சிநேகிதர் ஒருவர் போன் செய்தார். "சைரன் ஊதுனாங்கப்பா. எல்லாரும் குனிஞ்சு உக்காந்தோம். அப்புறம் எழுந்து போய் டீ குடிச்சோம்" என்று சிரித்தார். நான் என் மனைவியிடம் கேட்டேன், நிஜமாகவே ஊதினால் நீ என்ன செய்வாய் என்று. "சிலிண்டரை மூடுவேன். மாடியில காயுற துணிய எடுப்பேன்" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். அதற்கு மேல் அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எங்கள் தெருவில் எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்னுக்குப் போயாக வேண்டும். பதுங்க இடமும் இல்லை, ஓட வழியும் இல்லை.

அதே நாளில் ஜம்மு காஷ்மீரின் பூஞ்ச் நகரத்தில் நிஜமாகவே குண்டு விழுந்தது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து பாகிஸ்தான் பீரங்கிகள் சுட்டதில் பத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். பிள்ளைகளும் செத்தார்கள். குருத்வாராவிலும் குண்டு விழுந்தது. ஜம்மு பகுதியின் எல்லையோர மாவட்டங்களுக்கு 14,460 பதுங்கு அறைகள் கட்ட மத்திய அரசு 2017லேயே அனுமதி கொடுத்ததாகப் படித்தேன். எல்லையை ஒட்டிய கிராமத்தில் பதுங்கு அறை கட்டலாம். கடைத்தெருவும் பள்ளிக்கூடமும் கோயிலும் நெருக்கியடிக்கிற ஒரு ஊரில் எத்தனை பேருக்கு எங்கே கட்டுவது?

அந்த வாரம் முழுக்கப் பேப்பரைத் துருவிக்கொண்டிருந்தபோதுதான் டப்ளின் பிரகடனம் என்ற ஒன்று கண்ணில் பட்டது. என் பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். அவளை உட்காரவைத்து அதை வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொன்னேன்.

உங்களுக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். இந்த மடலை இங்கே படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் வெடிக்கும் ஆயுதங்களைப் பயன்படுத்துவதால் வரும் கேட்டிலிருந்து பொதுமக்களைக் காப்பது பற்றிய அரசியல் பிரகடனம் அது. அயர்லாந்து முன்னின்று பேச்சு நடத்தி, 2022 நவம்பர் 18 அன்று டப்ளினில் வைத்து எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டன. இதை ஏற்றவர்கள் எல்லாம் படையே இல்லாத குட்டித் தீவுகள் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கா இருக்கிறது, பிரிட்டன் இருக்கிறது, பிரான்ஸ், ஜப்பான், தென்கொரியா எல்லாம் இருக்கின்றன. ஏற்காமல் வெளியே நிற்பவர்கள் ரஷ்யா, சீனா, இஸ்ரேல், பாகிஸ்தான். அந்த வரிசையில் நாமும் நிற்கிறோம்.

சரி, அதில் அப்படி என்னதான் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால், எந்த ஆயுதத்துக்கும் தடை இல்லை. சட்டக் கட்டுப்பாடும் இல்லை. ஊர்ப் பகுதியில் இவற்றைப் பயன்படுத்தினால் பொதுமக்களுக்கோ அவர்கள் உடைமைக்கோ கேடு வரும் என்று எதிர்பார்க்க முடிகிறபோது, ஏற்றபடி அதைக் கட்டுப்படுத்தும் அல்லது தவிர்க்கும் நடைமுறைகளைத் தங்கள் ராணுவம் வகுத்துக்கொள்ளும் என்கிறார்கள். படைவீரர்களுக்கு அதைப் பயிற்சியில் சேர்க்க வேண்டும். செத்தவர், காயம்பட்டவர் கணக்கை முடிந்தவரை எடுத்துப் பகிர வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு உதவி போய்ச் சேர வழிவிட வேண்டும். அவ்வளவுதான். 'ஏற்றபடி' என்று நடுவில் ஒரு சொல் இருக்கிறதே, அதற்குள் ஒரு கண்டெய்னர் லாரியைத் திருப்பி நிறுத்தலாம். அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள். அப்படியிருந்தும் நாம் ஏன் கையெழுத்துப் போடவில்லை?

இந்தக் கேள்வி வடசென்னைக்காரனுக்கு ஏன் உறைக்க வேண்டும் என்றால், எங்கள் பேச்சிலேயே ஒரு குண்டு கிடக்கிறது. 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் கடலுக்கு வந்து சுட்டது. நூற்றிருபத்தைந்து குண்டுகள் என்று கணக்கு. அதன் கேப்டன் கார்ல் ஃபொன் முல்லர் கண்மூடித்தனமான ஆள் இல்லை. எதிரிகளே மெச்சிய கனவான். அவர் குறி துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மட்டும்தான். தொட்டி பற்றி எரிந்தது, குறி தப்பவில்லை. ஆனால் குண்டுகள் தொட்டியோடு நிற்கவில்லை. துறைமுகத்தில் நின்ற கப்பலில் விழுந்தது. உயர் நீதிமன்ற வளாகத்திலும் விழுந்தது. ஆட்கள் செத்தார்கள். மறுநாளிலிருந்து ஊர் காலியாக ஆரம்பித்தது. ரயில் பிடித்தும் வண்டி கட்டியும் ஜனங்கள் உள்நாட்டுக்கு ஓடினார்கள். நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் இன்றைக்கும் அதற்கு ஒரு கல் பதித்திருக்கிறார்கள். பாரிமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிற யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பொல்லாத, கில்லாடியான ஆளைப் பார்த்து 'அவன் சரியான எம்டன்' என்று சொல்லாத வீடு இந்தப் பக்கம் கிடையாது. கப்பல் எந்த நாட்டுக்காரனுடையது என்றே தெரியாத என் பாட்டி என் அப்பாவை அப்படித்தான் திட்டுவாள்.

கண்ணியமான கேப்டன், அசையாத குறி, கரையில் பெரிதாக எதிர்ப்பும் இல்லாத ராத்திரி. இதைவிடச் சாதகமான நிலைமை பீரங்கி வைத்திருக்கும் ஒருவனுக்கு அமையாது. அப்போதே நீதிமன்றத்தில் போய் விழுந்திருக்கிறது. எண்ணம் நல்லதாக இருந்தால் போதும், ஆயுதம் எதுவானாலும் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் அவர்களை அந்த மதிலண்டை அழைத்துப்போய்க் காட்டலாம் என்று தோன்றுகிறது.

1942இல் ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்ட பிறகு, மதராஸையே காலி செய்தார்கள். அரசாங்க அலுவலகங்கள் ஊர் ஊராகப் போயின. பார்க் டவுன் மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய மிருகங்களைச் சுட்டே கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடுமே என்ற பயத்தில். கடைசியில் 1943 அக்டோபரில் ஒரே ஒரு விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போயிற்று. என் அப்பா அப்போது சின்னப் பையன். அந்தச் சத்தத்தைவிட, காலியான தெருவில் நாய்கள் மட்டும் அலைந்ததைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்து மதராஸில் எண்ணெய்த் தொட்டியை விட்டால் எரிய வேறு பெரிதாக எதுவும் கிடையாது. இன்றைக்கு எங்களைச் சுற்றி என்ன இருக்கிறது என்று வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மணலியில் சுத்திகரிப்பு ஆலை. அதைச் சுற்றி உரமும் ரசாயனமும். எண்ணூரில் துறைமுகம், நிலக்கரி. அத்திப்பட்டில் அனல்மின் நிலையம். காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர். இதற்கெல்லாம் நடுவில்தான் காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று நாங்கள் லட்சக்கணக்கில் குடியிருக்கிறோம். மாநகரத்தின் தென்பக்கத்தார் வடசென்னை என்றாலே நாட்டு வெடிகுண்டு என்று நினைத்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டு விளக்கு எரிவதற்கு வேண்டியதும் வண்டி ஓடுவதற்கு வேண்டியதும் எந்தத் தெருவழியாக வருகிறது என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட். இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், நாட்டுக்கே சோறு போட்ட தானியக் குதிர்கள் பாழாயின. அடுத்த இரண்டொரு நாளிலேயே எங்களுக்கு ஒரு செய்தி வந்தது: 2015இல் பறிமுதல் செய்த அதே சரக்கு, ஏறத்தாழ 700 டன், 37 கண்டெய்னர்களில் மணலியிலேயே இருக்கிறது என்று. ஐந்து வருடமாக! அந்த ரோட்டில் நான் எத்தனை தடவை சைக்கிளில் போயிருப்பேன். அவசர அவசரமாக ஏலம் விட்டு ஐதராபாத்துக்கு ஏற்றினார்கள். சரக்கை எண்ணியே பிழைத்தவன் நான், பக்கத்தில் கிடந்த சரக்கு எனக்கே தெரியவில்லை.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் கடலுக்கடியில் போகிற அமோனியாக் குழாயில் கசிவு. சின்னக்குப்பம், பெரியகுப்பம் ஜனங்கள் மூச்சு முட்டி எழுந்து, கைக்கு அகப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என் மைத்துனர் குடும்பம் அங்கேதான். எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஆளில்லை, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இருட்டில் தெரியவில்லை என்றார். யாரும் குண்டு போடவில்லை, சண்டை இல்லை, ஒரு குழாய் ஒழுகியதற்கே இந்தப் பாடு.

இதை எதற்கு இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்தப் பிரகடனத்தில் என்னை நிறுத்திப் படிக்கவைத்த பகுதி இதுதான். குண்டு விழுந்த இடத்தோடு கேடு முடிவதில்லை, தொடர்ந்து வரும் விளைவுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. ஒரு துணைமின் நிலையம் அடிபட்டால் நீரேற்று நிலையம் நிற்கும். தண்ணீர் நின்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நிற்கும், டயாலிசிஸ் நிற்கும். கழிவுநீர் பம்பு நின்றால் நாலாம் நாள் காலரா. ஆம்புலன்ஸ் வர வேண்டிய எண்ணூர் ரோட்டில் சாதாரண நாளிலேயே டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்ட நெஞ்சுவலிக்காரரைப் பற்றி இங்கே வீட்டுக்கு ஒரு கதை உண்டு. குண்டில் சாகாதவர்கள் இப்படிச் சாவார்கள். அவர்களை எந்தப் போர்க் கணக்கிலும் எழுத மாட்டார்கள்.

உங்கள் பக்க நியாயத்தையும் நான் தேடிப் படிக்காமல் இல்லை. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் நாம் சேரவில்லை, கொத்துக் குண்டுத் தடை ஒப்பந்தத்திலும் சேரவில்லை. அப்போதெல்லாம் நீண்ட எல்லை இருக்கிறது, பாதுகாப்புத் தேவை இருக்கிறது, இதைப் பேச ஜெனீவாவில், அணு ஆயுதம் போன்றவை தவிர்த்த சாதாரண ஆயுதங்கள் பற்றிய மரபு ஆயுத உடன்படிக்கை இருக்கிறது, அங்கே ராணுவத் தேவையும் மனிதாபிமானமும் சமமாக எடைபோடப்படும் என்று சொல்லிவந்திருக்கிறீர்கள். இருக்கிற சட்டமே போதும், கடைப்பிடிப்பதுதான் பிரச்சினை என்றும் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த உடன்படிக்கையில் இந்தியா முழு உறுப்பினர், சண்டை முடிந்த பிறகு வெடிக்காமல் கிடப்பவற்றை அகற்றுவது பற்றிய ஐந்தாம் நெறிமுறை உட்பட எல்லாவற்றையும் ஏற்றிருக்கிறது. இதை நான் மரியாதையோடு ஒப்புக்கொள்கிறேன். 2009க்குப் பிறகு இலங்கையின் வடக்கில் கண்ணிவெடி அகற்ற நம் ஆட்கள் போனதையும் மறக்கவில்லை.

ஆனால் 'இருக்கிற சட்டமே போதும்' என்பது நம் வாயிலிருந்து வரும்போது கொஞ்சம் இடிக்கிறது. 1949 ஜெனீவா ஒப்பந்தங்களை ஏற்றோம், 1960இல் அதற்குச் சட்டமும் போட்டோம். பொதுமக்களையும் படையையும் பிரித்துப் பார்க்காமல் தாக்கக் கூடாது, ராணுவ ஆதாயத்துக்கு மிஞ்சிய சேதம் கூடாது என்பதை எழுத்தில் விரிவாகச் சொன்னது அந்த ஒப்பந்தங்களுக்கு 1977இல் வந்த முதல் கூடுதல் நெறிமுறை. அதில் இந்தியா இன்றுவரை சேரவில்லை. அந்த விதிகள், எழுத்தில் ஏற்காவிட்டாலும், வழக்காறாகவே எல்லா நாட்டையும் கட்டுப்படுத்தும் என்று செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது, சரி. அப்படியானால் எழுத்தில் ஏற்பதற்கு என்ன தயக்கம்? இருக்கிற சட்டம் போதும் என்பவர் இருக்கிற சட்டத்திலாவது முழுசாக இருக்க வேண்டாமா?

இன்னொன்றும் உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். 2021 ஏப்ரல் 27 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2573ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. குடிநீர், மின்சாரம், ஆஸ்பத்திரி போல மக்கள் உயிர்வாழ இன்றியமையாதவற்றைச் சண்டையில் காக்க வேண்டும் என்ற தீர்மானம். அப்போது அவையில் நாம் உறுப்பினர். நம் பிரதிநிதி ஆதரித்து வாக்களித்தார். டப்ளின் பிரகடனம் அதையே ராணுவப் பயிற்சிப் புத்தகம் வரைக்கும் கொண்டுபோகச் சொல்கிறது. நியூயார்க்கில் சரி என்று கை தூக்கியது டப்ளினில் எப்படித் தப்பாகும்?

பாகிஸ்தான் போடவில்லையே, பயங்கரவாதி போடுவானா, நாம் மட்டும் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றும் கேட்பார்கள். டீக்கடையில் என்னிடமே கேட்டார்கள். இதற்கு நான் சொன்ன பதில், நம் ராணுவம் ஏற்கெனவே கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்பது. உள்நாட்டுக் கலவரப் பகுதிகளில் பீரங்கியையும் விமானக் குண்டுவீச்சையும் பயன்படுத்துவதில்லை என்பது நம் படைத்தளபதிகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பழக்கம். அது பாராட்ட வேண்டிய பழக்கம். 1966 மார்ச் 5 அன்று ஐஸ்வால் நகரத்தின் மேல் நம் விமானப்படையே குண்டு போட்டது. மிசோ மக்கள் இன்றும் அந்த நாளை அனுசரிக்கிறார்கள். அதிலிருந்து கற்றுக்கொண்ட பழக்கமாகவும் இருக்கலாம். 2025 மே மாதம் பாகிஸ்தான் மேல் நடத்திய தாக்குதலின்போதும் குறிவைத்து, அளந்து, சண்டையை மேலும் மூட்டாதபடி செய்ததாக அரசு தானே அறிவித்தது. செய்வது இதுதான் என்றால் அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதால் என்ன குறைந்துவிடும்? எழுதாத மூட்டை இறங்காத மூட்டை. நாளைக்கு வேறொரு தளபதி வருவார், வேறொரு அமைச்சர் வருவார், வேறொரு கோபம் வரும்.

இனி எண்ணிக்கை. இதைப் பற்றி நான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு அக்கா எங்கள் பக்கம் தையல் வேலைக்கு வருவார். 1990இல் படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் இங்கே வந்தவர். ஒரு தீபாவளிக்கு எங்கள் தெருப் பையன்கள் ஆயிரம் வாலா கொளுத்தியபோது அவர் தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் அவருக்கே வெட்கமாகப் போயிற்று. "செல்லடி கேட்டா கால் தானா ஓடும் தம்பி, நான் ஓடேல்ல" என்றார். பொம்பர் விமானம் வந்தால் என்ன சத்தம், செல் என்கிற பீரங்கிக் குண்டு புறப்படும் சத்தம் எது, விழப்போகும் சத்தம் எது என்று எல்லாம் அவருக்கு அத்துபடி. அவர் தங்கச்சி இலங்கையின் வடக்கில் வன்னியிலேயே இருந்துவிட்டார். 2009இல் பங்கருக்கு மண்மூட்டை அடுக்கச் சாக்கு கிடைக்காமல் கல்யாணச் சேலைகளைக் கிழித்துப் பையாகத் தைத்தார்களாம். "பட்டுச் சேலையில மண் கட்டினவையள் நாங்கள்" என்று தங்கச்சி போனில் சொன்னதை அக்கா தைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

நான் கணக்குக்காரன் இல்லையா, அந்தக் கடைசிச் சண்டையில் பொதுமக்கள் எத்தனை பேர் செத்தார்கள் என்று தேடினேன். 2009 மே 13 வரைக்கும் 7,721 பேர் என்று இலங்கையிலிருந்த ஐ.நா. அலுவலகம் தன்னால் முடிந்தவரை எண்ணி வைத்திருந்தது. 2011இல் ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த வல்லுநர் குழு, 40,000 பேர் வரை செத்திருக்கலாம் என்றது. பெரும்பாலான சாவுகள் அரசுப் படையின் செல்லடியால் என்றும், தாக்குதலற்ற வலயம் என்று அறிவித்த இடத்திலேயே அது விழுந்தது என்றும், புலிகள் மக்களை வெளியேற விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள் என்றும் அந்தக் குழு எழுதியது. இலங்கை அரசு ஏற்கவில்லை. 7,721க்கும் 40,000க்கும் நடுவில் 32,279. இரண்டு மூட்டை குறைந்ததற்கு விடிய விடிய உட்கார்ந்து சீட்டைப் புரட்டியவன் நான். இங்கே இத்தனை ஆயிரம் பேர் இருந்தார்களா இல்லையா என்பதே தீராத தகராறாகக் கிடக்கிறது. ஒவ்வொரு நாளும் எது, எங்கே, யாரால் சுடப்பட்டது, அங்கே யார் இருந்தார்கள் என்று இரண்டு தரப்பும் எழுதும் பழக்கம் இருந்திருந்தால் செத்தவர் பிழைத்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் அந்தத் தங்கச்சி தன் பிள்ளை எந்தக் கணக்கில் இருக்கிறான் என்று பதினைந்து வருடமாகத் தேட வேண்டியிருந்திருக்காது.

இதில் நாமும் வெறும் பார்வையாளர் இல்லை. 1987 அக்டோபர் 21, அதுவும் ஒரு தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படை நுழைந்தது. நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் என அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். படை நுழையுமுன் பீரங்கிக் குண்டும் விழுந்தது என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே புலிகள் இருந்து சுட்டார்கள் என்று படைத்தரப்பு சொன்னது. 1990 மார்ச்சில் அந்தப் படை கப்பலில் மதராஸ் துறைமுகத்துக்குத் திரும்பியபோது வரவேற்க முதலமைச்சர் கலைஞர் போகவில்லை. நான் அன்று டியூட்டியில் இருந்தேன். கப்பலிலிருந்து இறங்கிய பையன்கள் பலருக்கு மீசைகூடச் சரியாக வளரவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குள் எதைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது என்று அந்தப் பையன்களுக்கு யாராவது முன்கூட்டி எழுதிக் கொடுத்திருந்தார்களா? பிரகடனம் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.

ஆயுதங்களின் தன்மை பற்றி அதிகம் எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ரஷ்யத் தயாரிப்பான கிராட் என்ற ராக்கெட் ஏவும் வண்டி இருபது விநாடியில் நாற்பது ராக்கெட்டை அனுப்பும், நம் பினாகா நாற்பத்து நாலு விநாடியில் பன்னிரண்டை அனுப்பும் என்பது எல்லோரும் படிக்கிற விவரம்தான். ஒரு பரப்பு முழுவதையும் நனைக்கவே இவை உருவானவை. வெட்டவெளியில் எதிரிப் படை நிற்கும்போது அதன் நியாயம் எனக்குப் புரிகிறது. பழைய வண்ணாரப்பேட்டை போன்ற ஒரு இடத்தில் அந்தப் பரப்புக்குள் எத்தனை அடுப்பங்கரை வரும்? ஊர்ப் பகுதியில் வெடிக்கும் ஆயுதங்கள் போடப்பட்டால் பாதிக்கப்படுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பொதுமக்கள் என்று, உலகச் செய்திகளைத் தொகுத்து எண்ணிவரும் ஆக்‌ஷன் ஆன் ஆர்ம்ட் வயலன்ஸ் என்ற பிரிட்டன் அமைப்பு வருடாவருடம் சொல்கிறது. 2022 மார்ச் 1 அன்று கார்கிவ் நகரத்தில் செத்த கர்நாடகத்து மருத்துவ மாணவர் அந்த ஒன்பதில் ஒருவர். சாப்பாடு வாங்க வெளியே வந்தவர்.

அப்புறம் நாம் இப்போது வாங்குகிற நாடு மட்டும் இல்லை, விற்கிற நாடும்கூட. 2024-25இல் பாதுகாப்புத் தளவாட ஏற்றுமதி 23,622 கோடி ரூபாய் என்று அரசு பெருமையாக அறிவித்தது. தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னையும் ஒரு முனை. பினாகாவை ஆர்மீனியா வாங்கியிருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு அதில் வேலை கிடைக்கும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஹார்பர் வழியாகவே நாளைக்கு ஒரு பெட்டி போகலாம். அந்தப் பெட்டியையும் என்னைப் போல ஒருவன் எண்ணித்தான் சீட்டு எழுதுவான். வாங்குபவன் அதை எங்கே கொட்டுவான், எங்கே கொட்டக் கூடாது என்று கேட்கிற உரிமை, தானே அந்தப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட நாட்டுக்கு இருக்கும். போடாத நாட்டை அவன் திருப்பிக் கேட்பான்.

என் கோரிக்கை பெரிதில்லை. டப்ளின் பிரகடனத்தில் இந்தியா சேர வேண்டும் என்பது என் ஆசை. அது உடனே முடியாது என்றால், ஏன் சேரவில்லை என்று நாடாளுமன்றத்தில் காரணத்தைச் சொல்லுங்கள். ஒரு வரி போதாது, எந்தப் பத்தி நமக்கு ஒத்துவரவில்லை என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அதற்கு முன்பாகவே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஊர்ப் பகுதியில் பீரங்கி, ராக்கெட், விமானக் குண்டு இவற்றைப் பயன்படுத்துவது பற்றி நம் ராணுவத்தின் எழுத்துபூர்வமான நெறி என்ன என்பதை, ரகசியம் வெளிப்படாத அளவுக்காவது வெளியிடுங்கள். பூஞ்ச் போன்ற இடத்தில் செத்தவர், காயம்பட்டவர், வீடிழந்தவர் கணக்கை எந்த ஆயுதத்தால் என்ற விவரத்தோடு வெளியிடும் வழக்கத்தையும் ஆரம்பித்து வையுங்கள். அவர்கள் நம் ஜனங்கள். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பாகிஸ்தானைப் பார்த்து உலக அரங்கில் கேள்வி கேட்க நமக்குத்தான் அனுகூலம்.

இதன் நகலை எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புகிறேன். அடுத்த கூட்டத்தொடரில் இதை நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாகக் கேட்கும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன், எழுத்தில் வருகிற பதிலைவிட அமைச்சர் எழுந்து நின்று சொல்கிற பதில் எனக்கு வேண்டும். நீங்கள் நேரடியாக எனக்கு எழுதுவதானால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் பரவாயில்லை, பேத்தி படித்துச் சொல்வாள். தையல் அக்காவும் பதில் வந்ததா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். இன்னும் அனுப்பவே இல்லை என்று சொன்னேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டாலி கிளார்க் ஒருவர்,
ராயபுரம், சென்னை